சட்டத்தின் எளிமை யாருக்கு?

இலங்கையில் ஆட்சிக்கு வரும் அரசாங்கங்கள் இரண்டு வாக்குறுதிகளைத் தவறாது வழங்கி வந்துள்ளன. ஒன்று பொலிஸ் சேவையைச் சீர்ப்படுத்துவது. மற்றையது சட்ட நடைமுறையை எளிமைப்படுத்துவது. இவ்விரண்டும் வெவ்வேறு அமைச்சுக்களுக்கும் வெவ்வேறு ஆணைக்குழுக்களுக்கும் உரிய வெவ்வேறு கருமங்கள் என்றே கருதப்பட்டும் வருகின்றன. இக்கருத்து அடிப்படையிலேயே பிழையானது. தன்னால் வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத ஒரு சட்டத்தைக் கொண்டு எந்தக் குடிமகனும் எந்தப் பொலிஸ் அலுவலரையும் கணக்குக் கேட்க முடியாது. கணக்குக் கேட்கப்படாத அலுவலரின் கையிலோ எத்துணை எளிய சட்டமும் சிக்கலானதாகவே மாறிவிடும். இரண்டும் ஒரே வினாவாகும். அவ்வினா புதுக்கடை நீதிமன்றக் கட்டடங்களை வந்தடைவதற்கு நெடுநேரம் முன்னரே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பொலிஸ் நிலையங்களின் மேசைகளில் எழுந்துவிடுகின்றது.

அம்மேசையில் நிகழ்வது கொழும்புத் தமிழர் எவருக்கும் புதுமையானதன்று. ஜெம்பட்டா வீதியிற் கடை வைத்திருக்கும் ஒருவர் களவு குறித்து முறையிடச் செல்கின்றார். அல்லது இராமகிருஷ்ண வீதியின் அடுக்குமாடியொன்றில் வாழும் ஓய்வூதியர் ஒருவர் அயலவரின் அச்சுறுத்தல் பற்றிக் கூறச் செல்கின்றார். அவர் தமிழிலும், தமக்குத் தெரிந்த கடைவீதிச் சிங்களத்திலுமாக நடந்ததைச் சொல்கின்றார். மறுபுறத்திலுள்ள கொன்ஸ்டபிள் அதனைத் தமக்கு விளங்கியவாறு சிங்களத்தில் எழுதுகின்றார். எழுதியது விரைவாக வாசிக்கப்படுகின்றது, அல்லது வாசிக்கப்படாமலே திருப்பப்படுகின்றது. முறைப்பாட்டாளர் தமக்குத் தெரியாத எழுத்துக்களின் கீழே தமிழிற் கையொப்பமிடுகின்றார். சிறு துண்டில் ஓர் இலக்கம் குறித்துக் கொடுக்கப்படுகின்றது. எழுதப்பட்டதன் பிரதி கையிற் கிடைப்பதில்லை. பல தவணைகள் கடந்தபின், வழக்கு விசாரணையில், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அப்பக்கத்தை எடுத்து, “அன்று நீர் இவ்வாறன்றோ கூறினீர்?” என்று கேட்கின்றார். பொலிசாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியொருவரை முரண்படுத்துவதற்குப் பயன்படுத்தச் சட்டம் இடந்தருகின்றது. தாம் கூறாத ஒன்றைத் தாமே மறுத்துரைத்த பொய்ச்சாட்சியாக அம்மனிதர் கூண்டில் நிற்கின்றார். நீதிமன்ற முதலியார் இதனையும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கின்றார். மதுரையிற் பாண்டியன் முன் நின்ற கண்ணகிக்கு நீதி காலந்தாழ்த்தியே கிடைத்தது என்பது உண்மையே. ஆயினும் அவளுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

இதற்கெல்லாம் சட்டமின்மையே காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொலிசாருக்கு மிகவும் வசதியானது. உண்மை நேர்மாறானது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகத் தரப்படும் தகவல் எம்மொழியில் தரப்படுகின்றதோ அம்மொழியிலேயே எழுதப்படல் வேண்டும் என்று விதிக்கின்றது. அவ்வாறு எழுத அலுவலரால் இயலாதெனின், முறைப்பாட்டாளரையே தம் மொழியில் எழுதித் தருமாறு அவர் கேட்டல் வேண்டும். முறைப்பாட்டாளருக்கு எழுதத் தெரியாதவிடத்து மாத்திரமே, அதற்கான காரணத்தைப் பதிவுசெய்த பின்னர், தேசிய மொழிகளுள் ஒன்றில் அலுவலர் எழுதலாம். அதனையும் முறைப்பாட்டாளருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தல் வேண்டும். 110ஆம் பிரிவு, சாட்சிகளின் வாக்குமூலங்கள் அவர்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டு, திருத்தவும் சேர்க்கவும் அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்படல் வேண்டும் என்கின்றது. அரசியலமைப்பும் இவ்விடயத்தில் மௌனம் சாதிக்கவில்லை. 1987இன் பதின்மூன்றாந் திருத்தமும் 1988இன் பதினாறாந் திருத்தமும் நிறைவேறிய பின்னர், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் அரச அலுவலருடன் தமிழிற் கருமமாற்றும் உரிமையை 22ஆம் உறுப்புரை வழங்குகின்றது. நீதிமன்றத்தில் தமிழிலே வழக்குத் தொடுக்கவும், அரச செலவில் மொழிபெயர்ப்பைப் பெறவும் 24ஆம் உறுப்புரை உரிமையளிக்கின்றது.

ஆகவே ஜெம்பட்டா வீதிக் கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, “ஐயா, தமிழிலேயே எழுதித் தாருங்கள்” என்று சொல்வது கொன்ஸ்டபிளின் பெருந்தன்மையைப் பொறுத்த கருமமன்று. அது அவரது சட்டக் கடமை. அக்கடமையிலிருந்து அவர் நாள்தோறும் தவறலாம். தவறினால் அவருக்கு நேர்வது யாதொன்றுமில்லை. வாக்குமூலம் செல்லாததாகி விடுவதில்லை. பொறுப்பதிகாரிக்கு விளக்கம் கோரும் கடிதம் வருவதில்லை. சம்பளத்தில் ஒரு ரூபாயேனும் குறைவதுமில்லை. மீறலுக்கு விலை குறிக்கப்படாத ஒரு கட்டளை, அதிகார வர்க்கத்தின் அகராதியில் ஆலோசனை என்றே பொருள்படும்.

ஆட்சியாளர் சட்டத்தை எளிமைப்படுத்தவே இல்லை என்று கூறுதலும் பொருந்தாது. அவர்கள் பலமுறை எளிமைப்படுத்தியுள்ளனர். எவருக்காக எளிமைப்படுத்தினர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. நீதியமைச்சராயிருந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவின் கைவண்ணமான அச்சட்டம், அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் பிரிந்திருந்த வழக்கறிஞர் தொழிலை ஒன்றாக்கிற்று. நீதிமன்றங்களின் படிநிலைகளைக் குறைத்தது. நீதவான் முன்னிலையில் நடைபெற்ற பூர்வாங்க விசாரணையை அகற்றியது. காலனித்துவச் சட்டமுறையின் வீண் ஆடம்பரங்களைக் களைய வேண்டும் என்ற அதன் நோக்கத்தை முற்றாக மறுத்தற்கில்லை. ஆயினும் பொலிஸ் நிலையத்து மேசையை அச்சீர்திருத்தம் தீண்டவேயில்லை. அதன் கீழ் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் அசையாமல் இருந்தது. 1977இன் ஆட்சிமாற்றத்தின் பின் அச்சீர்திருத்தத்திற் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. விக்டோரியா மகாராணியார் காலத்துக் கட்டளைச் சட்டமோ இரு தரப்பாரையும் தாண்டி நிலைத்தது.

இதற்கு ஓராண்டு முன்னரே வேறொரு வகை எளிமையும் அறிமுகமாகியிருந்தது. பொலிஸ் அலுவலரிடம் கொடுக்கப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக எண்பித்தலாகாது என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி. பொலிசாரின் கையில் அகப்பட்டவன் எதையும் ஒப்புக்கொள்வான் என்பதை அன்னிய ஆட்சியாளரே அறிந்திருந்தனர் போலும். 1971இன் கிளர்ச்சியிற் பங்குகொண்ட சிங்கள இளைஞர்களை விசாரிப்பதற்கென இயற்றப்பட்ட 1972ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் அவ்விதியைத் தளர்த்திற்று. தெற்கின் இளைஞர்மீது சோதிக்கப்பட்ட அக்கருவி, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவாக வடக்குக் கிழக்கின் இளைஞர்மீது இறங்கிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் கூறிய ஒப்புதல் சான்றாகும். அது பலவந்தமாகப் பெறப்பட்டதென்றால் அதனை எண்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும். வழக்குத் தொடுநருக்கு இதனிலும் எளிய சட்டம் வேறு யாது வேண்டும்? 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோதும் இப்பிரிவுக்கு ஊறு நேரவில்லை.

சிங்கராசா வழக்கு இவ்வெளிமையின் முழு உருவையும் காட்டுகின்றது. 1993இல் மட்டக்களப்பிற் கைதான இளைஞர் ஒருவருக்கு எதிராக 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் இருந்த சான்று அவரது ஒப்புதல் எனப்பட்ட ஒரு தாள் மட்டுமே. சிங்களம் அறியாத அவருக்கும் வினவிய அதிகாரிக்கும் இடையே மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கொன்ஸ்டபிள். எழுதப்பட்டது சிங்களத்தில், இடப்பட்டது பெருவிரல் அடையாளம். தண்டனை 50 ஆண்டுகள். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் அவ்விசாரணை நீதியானதன்று எனக் கண்டது. 2006 செப்டெம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், அக்குழுவிடம் முறையிடும் வழியைத் திறந்துவிட்ட சர்வதேச உடன்பாட்டை நாடு ஏற்றுக்கொண்டமைக்கே உள்நாட்டுச் சட்டத்தில் வலுவில்லை எனத் தீர்ப்பளித்தது. வெள்ளவத்தை மேசையில் ஒரு சங்கிலிக் களவு பற்றி எழுதப்படும் சிங்கள வாக்குமூலமும், ஒரு வாழ்நாளில் 35 ஆண்டுகளைப் பறிக்கும் அத்தாளும் தன்மையில் வேறல்ல. விளைவில் மட்டுமே வேறுபடுவன.

கொழும்புத் தமிழருக்குப் பொலிஸ் கட்டளைச் சட்டம் என்பது பெரும்பாலும் அதன் 76ஆம் பிரிவே. வீட்டில் வாழ்வோரின் விபரப் பட்டியலை நிலையப் பொறுப்பதிகாரி கேட்டுப் பெறுவதற்கு இடந்தரும் அப்பிரிவு, போர்க்காலம் முழுவதும் ‘பொலிஸ் பதிவு’ என்ற பெயரில் வெள்ளவத்தை வீடுகளின் வரவேற்பறைகளில் வாழ்ந்தது. ஊரிலிருந்து வந்த மாமியாருக்கும் பதிவு. பரீட்சைக்கு வந்த மருமகனுக்கும் பதிவு. பதிவுத் துண்டின்றிப் பிடிபட்டவர் இரவை நிலையத்திற் கழித்தார். குடிமகன் பொலிசாருக்குக் காட்ட வேண்டிய தாள்கள் அத்தனையும் ஒழுங்காகக் கேட்கப்பட்டன. பொலிசார் குடிமகனுக்குக் கொடுக்க வேண்டிய தாள்கள் யாவை என எவரும் கேட்டிலர்.

உண்மையில் அத்தகைய தாள்களும் இருந்தன. 2006 யூலையில் சனாதிபதி விடுத்த பணிப்புரைகள், கைதாவோர் தம் உறவினருடன் தொடர்புகொள்ள வாய்ப்பளிக்கப்படல் வேண்டும் என்றும், அவர்கள் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் பதியப்படல் வேண்டும் என்றும், விரும்பின் தம் கையாலேயே எழுத இடமளிக்கப்படல் வேண்டும் என்றும் கூறின. 2007 ஏப்பிரலில் அவை மீண்டும் வலியுறுத்தப்பட்டன. இரண்டு மாதம் கழியவில்லை. 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளுக்குட் பொலிசார் புகுந்தனர். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் வைத்தியத்துக்குமாக வடக்குக் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து தங்கியிருந்தோர் பொதிகளைக் கட்டச் சிறிது நேரமே கொடுக்கப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டனர். 376 பேர் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டனர். பெரும்பாலோர் வவுனியாவில் இறக்கப்பட்டனர். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று அவர்களுக்கு எந்த மொழியிலும் கூறப்படவில்லை. அப்படியொரு பிரிவு இருக்கவுமில்லை. மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுமீது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களிற் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். நீதிமன்றமும் பிரதமரும் ஒருங்கே பிழையென்று கண்ட ஒரு செயலுக்காக எந்தப் பொலிஸ் அலுவலர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்? 1983 யூலையில் இதே காலி வீதியிற் கடைகள் எரிந்தபோது பார்த்து நின்றவர்கள் எவரும் ஏற்றப்படவில்லை; 2007இலும் அவ்வாறே. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் மாறியது சீருடையின் துணி மட்டுமே எனலாம்.

இஃது தமிழருக்கு மட்டும் உரிய துயர் எனக் கொள்வது பெருந்தவறு. வத்தளைப் பொலிசார் 2002இல் ஆள்மாறாட்டமாகப் பிடித்துச் சித்திரவதை செய்த ஜெரல்ட் பெரேரா சிங்களவர். உயர் நீதிமன்றம் 2003இல் அவருக்கு நட்டஈடு வழங்கிற்று. குற்றவியல் வழக்கிற் சாட்சியமளிப்பதற்குச் சில நாட்களே இருக்கையில், 2004 நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மிரிஹான நிலையத்தில் 2010இல் முன்னாட் படைவீரர் ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டார்; அவரும் சிங்களவரே. அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்தல் வேண்டும் என 126ஆம் உறுப்புரை விதிக்கின்றது. நீதிமன்றம் அதனை இரண்டு மாதத்துக்குள் முடித்தல் வேண்டும் என்றும் அதே உறுப்புரைதான் விதிக்கின்றது. குடிமகனின் ஒரு மாதம் கட்டாயமானது எனவும், நீதிமன்றத்தின் இரண்டு மாதம் வெறும் வழிகாட்டல் எனவும் நீதிமன்றங்களே பொருள்கொண்டன. மிரிஹான வழக்கின் தீர்ப்பு 2023 டிசம்பர் 14இல் வந்தது. பொறுப்பாளிகளுள் ஒருவராகக் காணப்பட்ட தேசபந்து தென்னக்கோன் அப்போது பதிற் பொலிஸ் மா அதிபர். ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்குமாறு பணித்தது நீதிமன்றம். 2024 பெப்ரவரியில் அவரை நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக்கியது அரசு. 2024 யூலையில் நீதிமன்றமே அவர் பதவியிற் செயற்படுவதைத் தடுத்தது. 2025 ஓகஸ்ட் 5இல் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது. நீக்கம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒரு நிலையத்தில் நடந்த சித்திரவதைக்குக் கணக்குக் கேட்க 13 ஆண்டும் ஒரு நாடாளுமன்றத் தீர்மானமும் வேண்டுமெனின், கொட்டாஞ்சேனைத் தோட்டங்களின் கூலித் தொழிலாளி எதனை நம்பிப் படியேறுவான்?

சித்திரவதைக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறையை விதிக்கும் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் உண்டு. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் உண்டு. 2001இன் பதினேழாந் திருத்தம் அதனை ஈன்றது. 2010இன் பதினெட்டாந் திருத்தம் அதன் பற்களைப் பிடுங்கிற்று. 2015இற் பல் முளைத்தது. 2020இல் மீண்டும் விழுந்தது. 2022இல் மீண்டும் முளைத்தது. பற்கள் உள்ள காலத்திலும் அது கடித்தது அரிது. மக்களின் முறைப்பாட்டைப் பெறும் அதிகாரம் அதற்குண்டு; அதனைப் பொலிசாரின் துணையின்றித் துலக்குவதற்கு வேண்டிய சொந்தப் புலனாய்வாளர் அணி போதியளவிற் கொடுக்கப்படவில்லை. முறைப்பாடு ஈற்றில் இன்னொரு பொலிஸ் அதிகாரியின் அறிக்கைக்காகக் காத்திருக்கின்றது. வட அயர்லாந்தும் இனத்தாலும் மதத்தாலும் பிளவுண்டு, பொலிசாரை ஒரு சமூகத்தின் படையென மற்றைய சமூகம் கருதிய நாடே. அங்கு 2000ஆம் ஆண்டிற் செயற்படத் தொடங்கிய பொலிஸ் குறைகேள் அதிகாரியின் அலுவலகத்துக்குச் சொந்தப் புலனாய்வாளர் உள்ளனர். கைதுசெய்யும் அதிகாரமும் அவர்களுக்குண்டு. அதனால் அங்கு யாவும் சீராகிவிட்டதென்று கொள்ளத் தேவையில்லை. பொலிசார்மீதான முறைப்பாட்டைப் பொலிசாரே விசாரிப்பதில்லை என்பதே போதிய வேறுபாடு.

தமிழ் தெரிந்த அலுவலர் போதாமை பற்றிய வாதம் தவறாது முன்வைக்கப்படும். அப்போதாமை உண்மையானது. அதற்குரிய காரணம் 1956இலிருந்து பின்பற்றப்பட்ட கொள்கையே என்பதும் உண்மையானது. எனினும் 109ஆம் பிரிவை நிறைவேற்றத் தமிழ் தெரிந்த அலுவலர் தேவையில்லை. எழுதத் தெரிந்த முறைப்பாட்டாளரும் ஒரு தாளும் போதும். இங்கிலாந்தில் 1984இன் சட்டத்தைத் தொடர்ந்து சந்தேக நபர்களின் விசாரணைகள் ஒலிநாடாவிற் பதியப்படலாயின. இன்று ஒவ்வொரு கொன்ஸ்டபிளின் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவியொன்று கைத்தொலைபேசியாக உறங்குகின்றது. செலவு பற்றிய பேச்சு இங்கு எடுபடாது.

சட்டத்தின் மொழியும் இதனோடு சேர்த்து நோக்கப்படல் வேண்டும். நாடாளுமன்றச் சட்டங்களின் ஈற்றுப் பிரிவாக வழமையாக இடம்பெறுவது, சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை தோன்றின் சிங்கள உரையே மேலோங்கும் என்பது. தமிழ் உரையை நம்பி நடப்பவன் தன் பொறுப்பிலேயே நடக்கின்றான் என்பது இதன் பொருள். அத்தமிழ் உரையோ, சட்டம் பயின்ற தமிழரே ஆங்கில உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டிய நடையில் அமைந்தது. சிங்கள உரை சிங்கள விவசாயிக்கு விளங்குமென்றும் எண்ணற்க. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கென 2020 டிசம்பரில் ஓர் ஒழுங்குவிதி பிரசுரமாயிற்று. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதனை நிராகரித்தமை நன்றே. எனினும் அத்தகைய ஒரு விதியை எழுதக் கை நீண்டதென்பதே, சட்டம் யாருடைய சொத்தென அதன் காவலர் கருதுகின்றனர் என்பதைப் புலப்படுத்தும்.

வேண்டப்படுவது இன்னுமோர் ஆணைக்குழு அன்று. பொலிஸ் சேவை பற்றி 1946இல் சேர்ட்ஸ் ஆணைக்குழுவும் 1970இல் பஸ்நாயக்க ஆணைக்குழுவும் ஆராய்ந்து முடித்துவிட்டன. முறைப்பாட்டாளரின் மொழியில் எழுதப்படாத அல்லது அவரது குரலிற் பதியப்படாத வாக்குமூலம் எந்த நீதிமன்றிலும் அவருக்கு எதிராகப் பயன்படலாகாது என்ற ஒரு வாக்கியத்தை 110ஆம் பிரிவிற் சேர்த்தல் வேண்டும். எழுதியதன் பிரதி அவ்விடத்திலேயே இலவசமாகக் கையளிக்கப்படல் வேண்டும். கையளிக்காத பொறுப்பதிகாரிக்குத் தண்டப்பணம் விதிக்கும் அதிகாரம் நீதவானுக்கு வேண்டும். பயங்கரவாதத்தின் பெயரால் எந்தச் சட்டம் வரினும் 16ஆம் பிரிவு அதிற் புகலாகாது. அடிப்படை உரிமை மனு கொழும்பு உயர் நீதிமன்றத்தில் மட்டும் கேட்கப்படுவதை விடுத்து, மாகாண மேல் நீதிமன்றங்களிலும் கேட்கப்படல் வேண்டும். ஒரு மாதக் காலவரை நீட்டப்படல் வேண்டும். இவற்றுள் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டுவன ஈற்று இரு கோரிக்கைகள் மட்டுமே. ஏனையவற்றுக்கு நாடாளுமன்றத்திற் சாதாரண பெரும்பான்மை போதும். முதலாவதற்கு அதுவும் பிறகு வரட்டும். பொலிஸ் மா அதிபர் சுற்றுநிருபம் ஒன்றில் ஒப்பமிட்டு, 109ஆம் பிரிவின் தமிழ் வாசகத்தையும் சிங்கள வாசகத்தையும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை நிலையங்களின் முறைப்பாட்டு மேசைக்கு மேலே, முறைப்பாட்டாளரின் கண்ணுக்கு நேரே ஒட்டச் செய்வதற்கு இன்று மாலை வரையுங்கூடக் காலம் வேண்டியதில்லை.